எ மாதிரி இருக்கும் ஏழு

என் அண்ணியிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட நிம்மதியாகக் கொடுக்க முடியாது. மூடியைத் திருகிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், "எங்க வாங்கினே?" என்பார். அப்புறம்தான் குடிப்பார். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு?" என்று கேட்டார். நாத்தனார் பரிசு கொடுத்தால் எதற்கு என்று கேட்பதா! இவருக்கும் எனக்கும் ஒத்துவராது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஆனால் இத்தனை வருடமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சந்தேகத்தில் நானும் சளைத்தவள் இல்லை என்பதால் இருக்கலாம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே வருகிறவன் குடித்திருக்கிறான், பின்னால் வருகிறவன் தூங்குகிறான், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற புண்ணியவதி பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வண்டியில் ஏறுகிறேன். அதனால்தான் கை கால் முழுசாக இருக்கிறது. வீட்டிலும் நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். அதற்காக அண்ணி எனக்கு வைத்த பெயர் ஹாரன்.

அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் முட்டுக்கட்டை. ஊர் என்றால் இணையத்து ஊர்.

அண்ணி புரோகிராம் எழுதுகிறவர். பகலில் ஒரு கம்பெனிக்கு எழுதுகிறார். அதைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். மற்ற நேரத்தில் ஊருக்குச் சும்மா எழுதிக் கொடுக்கிறார். அதைப் பற்றி ஆரம்பித்தால் வாயை மூட மாட்டார். ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் கவிதையும் கடன் பத்திரமும் ஒரே மாதிரி கோழி கிளறிய குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையைப் படிக்கிற தமிழாக மாற்றுவதற்கு அண்ணி செய்த புரோகிராமின் பெயர் 'மாற்றி'. நூலகங்கள், பத்திரிகைகள், பழைய கதைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்று இந்த மாதிரிச் சமாச்சாரத்துக்குப் பெயர். சமைத்துப் போட்டுவிட்டு, சமைத்த விதத்தையும் எழுதிக் கொடுப்பது மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம், 'இந்த இடத்தை இப்படித் திருத்துங்கள்' என்று அனுப்பவும் செய்யலாம். அனுப்பிய திருத்தத்தை ஏற்றுக்கொள்ள மட்டும் ஒரு சாவி வேண்டும். நிஜச் சாவி இல்லை, ஒரு கடவுச்சொல்தான். அது அண்ணி ஒருவரிடம்தான் இருந்தது. யார் எதை அனுப்பினாலும் அண்ணி வரி வரியாகப் பார்த்து, ஏன், எதற்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று குடைந்து எடுப்பார். கடுப்பான ஒருவன் "நீங்க என்ன முட்டுக்கட்டையா?" என்று எழுதினான். அண்ணிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. தன் வலைப்பதிவுக்கு அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார்.

அந்த வலைப்பதிவில் அண்ணி ஊரை வாங்கு வாங்கென்று வாங்குவார். "ஓசியில் வாங்குகிறவன்தான் அதிகமாகக் குறை சொல்லுவான். மாற்றி ஓடுகிற வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், ஒரு நாள் நின்றால் கதவை உடைப்பார்கள்" என்று எழுதுவார். திட்டு வாங்கிய ஜனமே வந்து கைதட்டிவிட்டுப் போகும். திட்டு அடுத்தவனுக்கு என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொள்வதால் அப்படி.

அதில் எல்லோரும் படித்த பதிவு ஒன்று உண்டு. 'கூடவே இருந்தவன்' என்று பெயர். மாற்றியை அண்ணி தனியாக ஆரம்பிக்கவில்லை. கூட ஒரு கூட்டாளி இருந்தார். படிக்கிற காலத்துச் சிநேகிதர். மாற்றியை ஊருக்கு விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏதோ ஒரு கம்பெனி அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றை விலைக்கு விட்டது. மாற்ற முடியாத குப்பையைக் கொடுத்தால் மாற்றி, "இது தமிழ்தானா, சத்தியமா?" என்று கேட்கும், அண்ணி விளையாட்டாக வைத்த வரி. கம்பெனிக்காரன் விற்ற புரோகிராமும் அதையே கேட்டது. அப்போது மாற்றி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒருவர் அண்ணி. இன்னொருவர் யார் என்று சொல்லவா வேண்டும்? அண்ணி அன்றைக்கே கூட்டாளியின் பெயரைப் போட்டுப் பதிவு எழுதினார். ஊர் கொதித்தது. பதிவை ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தங்கள் தளங்களில் போட்டார்கள். கூட்டாளி ஒரு வார்த்தை பதில் பேசாமல் காணாமல் போனார். தப்பு செய்யாதவன் எதற்கு ஓடுகிறான் என்று நானும்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அண்ணி யாரையும் கூட்டுச் சேர்க்கவில்லை. பதினொரு வருடம் ஒற்றை ஆளாக இழுத்தார். துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதுதான் அவருடைய ராஜ்ஜியம். இயந்திரம் சுற்றும்போது மேசையும் சேர்ந்து ஆடும். இழுத்த இழுப்பில் வலது மணிக்கட்டு போயிற்று. நரம்பு நசுங்குகிறது, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும், அப்புறம் இரண்டு மாதம் விசைப்பலகையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியாக அந்தச் சமயம் பார்த்து எல்லாப் போன்களுக்கும் புதுப் பதிப்பு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. அது வந்தால் போனில் ஓடுகிற மாற்றி நின்றுபோகும். உடனே திருத்தியாக வேண்டும். யாராவது ஒருவரிடம் சாவியைக் கொடுத்தே தீர வேண்டும்.

கொடுப்பதென்றால் ஒரே ஆள்தான். குருவி.

குருவி என்பது இணையத்தில் ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். முகம் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்பதும் கிடையாது. எட்டு மாதமாகத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில், சொன்ன குறைக்குத் திருத்தம், ஒரு முணுமுணுப்பு இல்லை. ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு குறிப்பு வரும். "௭ல்லாம் சரிபார்த்துவிட்டேன். ௭துவும் விட்டுப்போயிருந்தால் சொல்லவும்." அவ்வளவுதான். இதைக் குருவியின் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பேசாம குருவிகிட்ட கொடுத்துடேன்" என்றார் அண்ணன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கயிற்றை நம்பித் தொங்குகிற வேலை, அதனால் மனிதர்களையும் சுலபமாக நம்பிவிடுவார்.

"யாருன்னே தெரியாதவர்கிட்டயா?" என்றார் அண்ணி.

"நன்றின்னு ஒரு வார்த்தைகூட எதிர்பார்க்காம எட்டு மாசம் வேலை செய்யறாரே."

"அதான் எனக்கும் உறுத்துது" என்று நான் புகுந்தேன். "எதையும் எதிர்பார்க்காதவன் பெருசா எதையோ எதிர்பார்க்கிறான்னு அர்த்தம். என்கிட்ட ஒரு ஆள் கத்துக்க வந்தான். மேடம் மேடம்னு அவ்வளவு மரியாதை. கடைசியில வண்டியையே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"நீதான் சாவியை உள்ளேயே விட்டுட்டு டீ குடிக்கப் போனே" என்றார் அண்ணன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்! சாவியை விடாதீங்க!"

நான் போட்ட விதை வீண்போகவில்லை. அன்றிலிருந்து அண்ணி, குருவி அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து துருவ ஆரம்பித்தார். வலிக்கிற கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி. நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் புரியாது. ஆனாலும் திருடனைப் பிடிக்கும்போது கூட இருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்தார்.

"ஹாரன், இங்க வா. இது என்ன எழுத்து?"

"எ."

"இது?"

"அதுவும் எ. என்ன அண்ணி, எனக்குக் கண் பரிசோதனையா?"

"இது எ இல்ல. ஏழு. தமிழ் எண்ல ஏழு. பார்க்க ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு ரெண்டும் வேற வேற."

குருவி கடைசியாக அனுப்பிய திருத்தத்தில் எ இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. அண்ணி எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர்தான், ஆனால் இதைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. அதில் இருந்த 'எறும்பு' என்ற சொல்லைத் தேடச் சொன்னபோது, கண்ணெதிரே இருக்கிற எறும்பு கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. அதில்தான் மாட்டியது. ஒரே மாதிரி தெரிகிற எழுத்தை மாற்றி வைப்பது இணையத்துத் திருடர்களின் பழைய வித்தையாம். வங்கியின் பெயர் மாதிரியே தெரியும், அழுத்தினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம். "நான் சொன்னேனா இல்லையா! எட்டு மாசமா நல்லவன் வேஷம்! கிழிச்சு எழுதுங்க அண்ணி, விடாதீங்க."

அண்ணி எழுதினார். 'குருவி கொத்தும் இடம்' என்று தலைப்பு. நான் படித்துப் பார்த்தேன். அட அட, வரிக்கு வரி சாட்டையடி. வெளியிட வேண்டியதுதான் பாக்கி. அண்ணி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தவில்லை.

"என்ன அண்ணி?"

"திருடன்னா தேவையான இடத்துல மட்டும்தானே வைப்பான்?" என்றார். குருவி இதுவரை எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, ஏழு எங்கெங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். திரை முழுக்க மஞ்சள் பூத்தது. எல்லாம் என்பதில் ஏழு. எதுவும் என்பதில் ஏழு. எப்படி, எங்கே, என்ன, எல்லாவற்றிலும் ஏழு. நான் மேலே எடுத்துப் போட்ட குறிப்பில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? எங்களுக்கும் எட்டு மாதமாகத் தெரியவில்லை. குருவிக்கு எ என்ற எழுத்தே கிடையாது.

அண்ணியின் முகம் வெளுத்துப்போயிற்று. இப்படி நான் பார்த்ததில்லை.

"இது என்னோட தப்பு" என்றார்.

முதன்முதலில் மாற்றியைச் செய்தபோது, எழுத்துப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஒட்டியிருக்கிறார். எ என்று நினைத்து ஏழை எடுத்து ஒட்டிவிட்டார். அந்த முதல் பிரதியில் எதை மாற்றினாலும் எ வருகிற இடத்தில் ஏழுதான் வரும். ஊருக்கு விடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். அதனால் ஏழு போடுகிற மாற்றி உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்க முடியும். திருத்துவதற்கு முன்னால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போன ஒருவரிடம். பழைய கம்ப்யூட்டரில், பழகிய பழைய எழுத்துருவிலேயே அடித்து, அந்தப் பிரதியில் போட்டு மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"கூட்டாளியா?" என்று கத்தினேன். "பழிவாங்க வந்திருக்கான் அண்ணி!"

"எட்டு மாசமா தப்பைத் திருத்திக் கொடுத்தா பழிவாங்குவான்?"

"பொறுமையா வாங்குவான்!"

அண்ணி என்னைக் கவனிக்கவில்லை. அவருக்குள் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர்களுடைய புரோகிராமை வைத்து மாற்றிய பழைய பத்திரிகைப் பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, அடியில் கம்பெனியின் பெயரோடு. அண்ணி அவற்றைத் தேடி எடுத்து ஏழு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னும் ஒன்று. ஒரு ஏழுகூட இல்லை. எல்லாம் சுத்தமான எ.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. கம்பெனிக்காரனிடம் போனது திருத்திய பிரதி. கூட்டாளியிடம் இருந்ததோ திருத்தாத பிரதி. திருத்திய பிரதி கூட்டாளிக்குக் கொடுக்கப்படவே இல்லை.

"அவங்களே திருத்தியிருக்கலாமே?" என்றேன். விட மனசு வரவில்லை.

"என் விளையாட்டு வரியைக்கூட அழிக்காத சோம்பேறி, கண்ணுக்கே தெரியாத எழுத்தையா திருத்துவான்?"

"அப்போ திருத்தினது எங்க இருந்தது?"

"என் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. சாப்பாட்டு நேரத்துல அங்க உட்கார்ந்துதான் திருத்தினேன். திறந்து போட்டுட்டுக் கை கழுவப் போவேன்." அண்ணி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். அவன் மட்டும் எடுத்திருக்க முடியாது."

வெளியிடாமல் வைத்திருந்த 'குருவி கொத்தும் இடம்' திரையின் ஓரத்தில் திறந்தபடி கிடந்தது. அதை நான்தான் மூடினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணி குருவிக்கு ஒரே ஒரு வரி எழுதினார். வேண்டுமென்றே ஏழைத் தேடி எடுத்து ஒட்டி எழுதினார். "௭ப்படி இருக்கீங்க?"

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. "கண்டுபிடிக்க இவ்வளவு நாளா? முன்னெல்லாம் சீக்கிரம் சந்தேகப்படுவீங்களே."

அண்ணி அழவில்லை. திட்டு வாங்கிய குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் எல்லாவற்றையும் எழுதினார். ஏழு, எறும்பு, கம்பெனிப் பக்கங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர், எல்லாம். மன்னித்துவிடு என்று எழுதினார். எதற்குத் திரும்பி வந்தாய் என்றும் கேட்டார். சந்தேகப்பிராணி, மன்னிப்புக் கேட்கும்போதும் ஒரு கேள்வி.

"மாற்றின்னு பேர் வச்சது நான். நீங்க மறந்திருப்பீங்க" என்று பதில் வந்தது. "அது தப்புத் தப்பா ஓடறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலை. ௭ன் பேர்ல அனுப்பியிருந்தா திறந்து பார்த்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்று அண்ணி எழுதினார். கையில் அறுவை சிகிச்சை நடக்கப்போவதைச் சொல்லி, சாவியை வாங்கிக்கொள்ளக் கேட்டார்.

"உங்க கை சரியாகற வரைக்கும் வச்சுக்கறேன். அப்புறம் திருப்பி வாங்கிக்கணும். ௭னக்கு வேண்டியது வேற. அந்தப் பதிவால வேலை போச்சு. அதுக்கப்புறம் ௭ங்க வேலைக்குப் போனாலும் ௭ன் பேரைத் தட்டினா அதுதான் முதல்ல வருது. பொண்ணுக்குப் படிக்கத் தெரிஞ்சதும் அவளும் தட்டிப் பார்த்தா. முடிஞ்சா அதை ௭டுங்க."

அதைப் படித்துவிட்டு அண்ணி சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். ஒரு பாத்திரமும் கழுவவில்லை. அண்ணன் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பே அண்ணி பழைய பதிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்றை எழுதினார். 'கூடவே இருந்தவன்' என்ற அதே தலைப்பில், தப்பு தன்னுடையது என்று, ஒளிவுமறைவில்லாமல். பழைய பதிவுக்கு வந்து கூத்தாடிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், "முட்டுக்கட்டையோட பழைய காரம் போயிடுச்சு" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். வந்ததே எனக்குக் கோபம்! பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று எழுத உட்கார்ந்தேன். அண்ணி தடுத்துவிட்டார்.

பழைய பதிவை எடுத்தால் தீர்ந்துவிடுமா? சிந்திய எண்ணெயாக அது எங்கெங்கோ ஓடியிருந்தது. யார் யாரோ பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். கூட்டாளியின் பெயரைத் தட்டினால் இப்போதும் அவைதான் வந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி எடுக்கச் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து அண்ணியின் கையில் கட்டுப் போட்டிருந்தது. அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அடியேன்தான் டைப்பிஸ்ட். காலையில் மாணவிகளிடம் கத்திவிட்டு வந்து, மத்தியானம் துணி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணி சொல்லச் சொல்லத் தட்டுவேன். என் தமிழில் ஒற்று விட்டுப்போவதை அண்ணி அப்போதும் விட்டுவைக்கவில்லை.

நடுவில் புதுப் பதிப்பு வந்து எல்லாப் போன்களிலும் ஏறியது. மாற்றி நிற்கவில்லை. குருவி அதற்கு முன்பே திருத்தி வைத்திருந்தார். அண்ணி அந்தத் திருத்தத்தை என்னைக் கொண்டு திறந்து வரி வரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், அது அவர் சுபாவம். குருவியும், "பார்த்துட்டீங்களா, சரிதானே?" என்று கேட்டுத்தான் எழுதியிருந்தார்.

தளத்துக்காரர்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. சிலர் மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், "நல்லா ஓடற பதிவுங்க, எடுக்க முடியாது" என்றார். அவரை நான் வாயால் திட்டியது துணி இயந்திரத்துக்கு மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு நாள் ஒரு பதில் வந்தது. யாரோ சின்னத் தளம் நடத்துகிறவர். நான் வாசித்துக் காட்டினேன். "நீங்கள்தான் முட்டுக்கட்டை என்று எப்படி நம்புவது? அவர் குற்றம் செய்யவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் இல்லாமல் எதையும் மாற்றுவதில்லை."

"பார்த்தீங்களா திமிரை!" என்றேன். "யாருகிட்ட யாரு ஆதாரம் கேக்கறது!"

அண்ணி சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இடது கையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு பேர் படிச்சாங்களே, ஹாரன். ஒருத்தர்கூட இதைக் கேக்கலை. அவன்கிட்ட நானும் கேக்கலை."

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பதில் என்ன போடறது அண்ணி? ஆதாரத்தை அனுப்பட்டுமா?"

"அனுப்பலாம்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "கேட்டதுக்கு நன்றின்னு முதல்ல எழுது."